காத்திருக்கத் தெரிந்த சிப்: மூளையைப் பார்த்துச் செய்த கணினி எங்கே விலைபோகிறது?

பாரிஸில் ஒரு மனிதர், 58 வயது. விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற நோய் தனக்கு இருப்பது அவருக்குத் தெரிந்தே நாற்பது வருடம் ஆகியிருந்தது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் எதுவும் தெரியாத நிலை. ஒளி பட்டால் தூண்டப்படும் ஒரு புரதத்துக்கான மரபணுவை அவருடைய ஒரு கண்ணில் ஊசி வழியாகச் செலுத்தினார்கள், சில மாதங்கள் பொறுத்து ஒரு விசேஷக் கண்ணாடியை மாட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி தொடங்கி ஏழு மாதம் போல ஆனபோது, தெருவைக் கடக்கும் இடத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன என்று அவரே வந்து சொன்னார். சோதனையில் மேசைமேல் வைத்த நோட்டுப் புத்தகத்தை 92 சதவீத முறை சரியாகக் கைநீட்டித் தொட்டார். அதைவிடச் சின்னதான ஸ்டேப்ளர் பின் டப்பாவை 36 சதவீத முறை. ஜோஸ்-அலைன் சாஹெல், போட்டண்ட் ரோஸ்கா ஆகியோரின் குழு 2021 மே மாதம் நேச்சர் மெடிசின் இதழில் இதை வெளியிட்டது. கண்ணாடியைக் கழற்றினால் மறுபடியும் ஒன்றும் தெரியாது.

எல்லோரும் மரபணு சிகிச்சையைப் பற்றித்தான் பேசினார்கள், அதுவும் சரிதான். ஆனால் எனக்கு அந்தக் கண்ணாடியில் இருந்த கேமராமேல்தான் கண். அது நம் போனில் இருக்கும் கேமரா மாதிரி விநாடிக்கு முப்பது முழுப் படம் எடுப்பதில்லை. அதன் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக வேலை செய்கிறது: தன்மேல் விழும் வெளிச்சம் கூடினால் ஒரு துடிப்பு, குறைந்தால் ஒரு துடிப்பு, மாறாவிட்டால் மௌனம். அந்தத் துடிப்புகளை ஆம்பர் நிற ஒளியாக மாற்றிக் கண்ணுக்குள் பாய்ச்சுகிறார்கள். அங்கே அதை வாங்கிக்கொள்வது விழித்திரையின் கடைசி அடுக்கில் உள்ள கேங்லியன் செல்கள். அந்தச் செல்களுக்குத் துடிப்பு ஒன்றுதான் மொழி; முழுப் படம் என்ற ஒன்றை அவை என்றைக்கும் பார்த்ததே இல்லை. மனித விழித்திரையில் ஒளி வாங்கும் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல், மூளைக்குப் போகும் நரம்பு இழைகளோ சுமார் பத்து லட்சம். மாறாததை எல்லாம் விட்டுவிட்டு மாறியதை மட்டும் அனுப்பினால்தான் இந்தக் கணக்கு சரிப்படும்.

மூளையைப் பார்த்துச் செய்த சிப்புகள், அதாவது நியூரோமார்பிக் சிப்புகள், எங்கே வியாபாரமாகும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கண்ணாடியைத்தான். செய்திகளில் இந்த சிப்புகளை எப்போதும், இன்றைய செயற்கை நுண்ணறிவுக்குக் கணக்குப் போடும் ஜிபியு சிப்புக்குப் போட்டியாக, டேட்டா சென்டரின் மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க வந்த ஆளாகக் காட்டுகிறார்கள். ஒரு நாள் அதுவும் நடக்கலாம். ஆனால் இதுவரை உண்மையில் விலைபோனது, இனி சில வருடங்களில் விலைபோகப்போவது இரண்டையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், அவை எல்லாமே ஏதோ ஒரு கண், ஒரு காது, ஒரு தோல், ஒரு நாடித்துடிப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலான நேரம் எதுவுமே நடக்காத இடங்கள் அவை. நடக்கும்போது உடனே தெரிந்தாக வேண்டும். நடக்காதபோது பேட்டரி கரையக்கூடாது. இந்த சிப்பை வாங்குபவர் காசு கொடுப்பது புத்திசாலித்தனத்துக்கு என்று நான் நினைக்கவில்லை, மின்சாரம் செலவழிக்காமல் காத்திருக்கும் திறமைக்குத்தான்.

கதை தொடங்கியது கலிபோர்னியாவில், கால்டெக் பல்கலைக்கழகத்தில். 1980களில் கார்வர் மீட் என்ற பேராசிரியர், டிரான்சிஸ்டரை வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சாக மட்டும் பயன்படுத்துவது வீண் என்று நினைத்தார். மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தின் நடத்தை, நரம்புச் செல்லின் சவ்வில் அயனிகள் போகும் நடத்தையைப் போலவே இருப்பதை அவர் கவனித்தார். அவருடைய மாணவி மிஷா மஹோவால்ட், உயிரியலில் இருந்து வந்தவர், விழித்திரையின் அடுக்குகளை அப்படியே சிலிக்கானில் செய்து காட்டினார். 1991 இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் அட்டையில் அந்த சிலிக்கான் விழித்திரை வந்தது. பாரிஸ் கண்ணாடியில் இருந்தது போல மாற்றத்தை மட்டும் சொல்லும் கேமராவுக்கு ஈவென்ட் கேமரா என்று பெயர்; இன்றைக்குத் தொழிற்சாலைகளில் தொங்கும் ஒவ்வொரு ஈவென்ட் கேமராவுக்கும் அதுதான் மூதாதை. மஹோவால்ட் 1996 இல் சிறு வயதிலேயே இறந்துபோனார். இந்தத் துறையைப் பற்றி எழுதும்போது மீட் பெயரோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம், அதனால்தான் அவர் பெயரை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, ஏன் மூளை? அது ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்களை வைத்துக்கொண்டு சுமார் 20 வாட்டில் ஓடுகிறது, வீட்டில் எரியும் ஒரு டியூப்லைட்டுக்கு ஆகும் மின்சாரம்கூட இல்லை. நம் கணினிகள் அவ்வளவு தின்பதற்குக் காரணம் கணக்குப் போடுவது அல்ல என்பதுதான் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014 இல் ஒரு பட்டியல் கொடுத்தார், இன்றும் பாடம்போலக் காட்டப்படுவது அது. 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்ட 0.1 பிக்கோஜூல் ஆற்றல் போதும். அதே அளவு எண்ணை வெளியே இருக்கும் நினைவகத்திலிருந்து எடுத்துவர 640 பிக்கோஜூல். சமைப்பதற்கு ஆகும் விறகைவிட, ஒவ்வொரு கடுகுக்கும் கடைக்குப் போய்வரும் பெட்ரோல் ஆறாயிரம் மடங்கு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் கடையும் அடுப்பும் ஒரே இடம். சினாப்ஸ் என்ற இணைப்பில்தான் நினைவும் இருக்கிறது, கணக்கும் அங்கேயேதான் நடக்கிறது.

நியூரோமார்பிக் என்ற பெயரில் வருகிறவற்றில் இரண்டு வேறு யோசனைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, இப்போது சொன்னது, நினைவகத்தைக் கணக்கோடு சேர்த்து வைப்பது. இன்னொன்று, துடிப்பு வந்தால் மட்டும் விழித்துக்கொள்வது. ஐபிஎம்மில் தர்மேந்திர மோதா தலைமையில் 2014 இல் வந்த ட்ரூநார்த் சிப்பில் இரண்டும் இருந்தன: பத்து லட்சம் நியூரான்கள், 25.6 கோடி சினாப்ஸ்கள், சுமார் 70 மில்லிவாட். அதே குழு 2023 இல் கொண்டுவந்த நார்த்போலில் துடிப்பை விட்டுவிட்டார்கள், நினைவகத்தைச் சேர்த்து வைக்கும் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். படங்களை அடையாளம் காணும் ஒரு பொதுச் சோதனையில், அதே 12 நானோமீட்டர் வகை ஜிபியுவைவிட 25 மடங்கு மின்சாரச் சிக்கனம் என்று சயின்ஸ் இதழில் எழுதினார்கள். இன்டெல் தன் லோஹி சிப்புகளில் துடிப்பை விடவில்லை. 2024 இல் சாண்டியா ஆய்வகத்துக்கு அவர்கள் கொடுத்த ஹாலா பாயின்ட்டில் 1,152 லோஹி 2 சிப்புகள், 115 கோடி நியூரான்கள், ஒரு மைக்ரோவேவ் அடுப்பின் அளவுப் பெட்டி. பிரமாதமான இயந்திரம். ஆனால் அது ஆராய்ச்சிக்கானது, கடையில் வாங்க முடியாது. லோஹியும் அப்படித்தான், இன்டெல் 2017 இல் அறிவித்ததிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் கையில்தான் இருக்கிறது.

கடையில் வாங்க முடிந்தவை வேறு வழியில் வந்தன, அந்த வழி பழையது. 1986 இல் கார்வர் மீட், மைக்ரோபிராசசரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபெடரிகோ ஃபாஜினோடு சேர்ந்து சினாப்டிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பெயரே சினாப்ஸிலிருந்து வந்ததுதான். நியூரான்களின் வலையைப் போலக் கணக்குப் போடும் நியூரல் நெட்வொர்க்கை சிலிக்கானில் செய்து விற்பதுதான் திட்டம். கடைசியில், டிரான்சிஸ்டரை ஆன்-ஆஃப்புக்கு நடுவிலும் பயன்படுத்தும் அந்த அனலாக் அறிவு எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? லேப்டாப்பின் டச்பேடில். விரல் எங்கே இருக்கிறது என்பதை மின்தேக்கத்தின் நுண்ணிய மாற்றத்திலிருந்து உணரும் சிப். 1990களில் சுவிட்சர்லாந்தின் சிஎஸ்இஎம் ஆய்வு மையம், விழித்திரையின் இயக்க உணர்வைப் பார்த்துச் செய்த ஒரு சிப் லாஜிடெக்கின் டிராக்பால் மவுசுக்குள் போய் உட்கார்ந்தது. வாங்கியவர்களில் யாருக்கும் அதற்குள் ஒரு சின்னச் செயற்கைக் கண் இருப்பது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இன்றைய கம்பெனிகள் இந்தப் பழைய கதையைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். மூளை என்று சொல்லி விற்கப் போனவர்களுக்கு, விரலும் பந்தும்தான் சோறு போட்டன.

இப்போது தொழில்துறைக்கு வருவோம். ஈவென்ட் கேமராவின் இன்றைய வடிவத்தை 2008 இல் சூரிச்சில் டோபி டெல்ப்ரூக் குழு கொடுத்தது: 128க்கு 128 புள்ளிகள்தான், ஆனால் ஒரு மாற்றத்தை 15 மைக்ரோவிநாடியில் சொல்லிவிடும், வெளிச்ச வேறுபாட்டில் 120 டெசிபல் வரை தாங்கும். சாதாரண கேமரா அறுபதைச் சுற்றித்தான். சுரங்கப் பாதையிலிருந்து வெயிலுக்கு வெளியே வரும் வண்டியில் சாதாரண கேமராவுக்குக் கண் கூசும், இதற்குக் கூசாது. பாரிஸின் ப்ரோஃபேசி கம்பெனியோடு சேர்ந்து சோனி 2021 இல் இந்த வகை சென்சார்களை அடுக்கு சிலிக்கானில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பார்வையற்றவரின் கண்ணாடியில் இருந்ததும் ப்ரோஃபேசியின் தொழில்நுட்பம்தான்.

தொழிற்சாலையில் இது எதற்கு? ஒரு பாட்டில் நிரப்பும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அசையவில்லை என்றால் பார்க்க ஒன்றும் இல்லை. அசைந்தால் விநாடிக்குப் பல பாட்டில்கள். சாதாரண அதிவேக கேமரா இரண்டு நேரத்திலும் அதே அளவு தரவைக் கொட்டும், அதைச் சுமக்கக் கேபிள், அதைப் பார்க்க ஒரு கணினி, கணினியைக் குளிரவைக்க ஒரு ஃபேன் என்று செலவு வாலாக நீளும். ஈவென்ட் கேமராவில் அசைவது மட்டும் தரவாகிறது. அதனால் வேகமாகப் போவதை எண்ணுவது, மோட்டாரின் அதிர்வைத் தொடாமலே தூரத்திலிருந்து அளப்பது, வெல்டிங்கில் தெறிக்கும் பொறிகளைப் பின்தொடர்வது போன்ற வேலைகளுக்கு இது பொருத்தமாக அமைகிறது. அதிர்வு எனக்கு மிகப் பிடித்த உதாரணம். ஒரு பேரிங் கெட்டுப்போவதற்கு முன்னால் அதன் சத்தம் மாறும், அனுபவமுள்ள ஃபிட்டர் காதை வைத்தே சொல்லிவிடுவார். அவர் இருபத்துநாலு மணி நேரமும் ஒரே மோட்டார் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரு பேட்டரியில் பல மாதம் ஓடி, சத்தம் மாறும்போது மட்டும் குரல் கொடுக்கும் ஒரு சின்னப் பொருள் நிற்கலாம்.

ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையில் இருக்கும் பிரெயின்சிப், நெதர்லாந்தின் டெல்ஃப்டிலிருந்து வந்த இன்னாடெரா, சூரிச்சில் தொடங்கிய சின்சென்ஸ் எல்லாம் குறிவைப்பது இந்த இடத்தைத்தான். சின்சென்ஸின் ஸ்பெக் சிப்பில் ஈவென்ட் கேமராவும் துடிப்பில் இயங்கும் பிராசசரும் ஒரே துண்டு சிலிக்கானில் இருக்கின்றன, ஆகும் மின்சாரம் மில்லிவாட் கணக்குதான். இன்னாடெரா 2025 மே மாதம் பல்சர் என்ற மைக்ரோகண்ட்ரோலரை வெளியிட்டது. மெர்சிடிஸ் 2022 ஜனவரியில் காட்டிய விஷன் இகியுஎக்ஸ்எக்ஸ் என்ற மாதிரிக் காரில், "ஹே மெர்சிடிஸ்" என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் வேலையை பிரெயின்சிப்பின் அகிடா சிப்பிடம் கொடுத்தது. வழக்கமான குரல் கட்டுப்பாட்டைவிட ஐந்து முதல் பத்து மடங்கு சிக்கனம் என்றது. கவனியுங்கள், காரை ஓட்டும் வேலையை அதனிடம் கொடுக்கவில்லை, யாராவது கூப்பிடுகிறார்களா என்று காத்திருக்கும் வேலையைத்தான் கொடுத்தார்கள்.

ஆனால் அது மாதிரிக் கார், ஷோரூமுக்கு வரவில்லை. பிரெயின்சிப்பின் 2023 வருமானம் கால் மில்லியன் டாலரைக்கூடத் தொடவில்லை. ப்ரோஃபேசி 2024 அக்டோபரில் பிரான்ஸில் நீதிமன்ற மேற்பார்வையிலான மீட்பு நடவடிக்கைக்குள் போனது. இந்தத் துறையை நேசிக்கிறவன் என்பதற்காக இதை மறைக்க நான் விரும்பவில்லை. சிப் நன்றாக இருப்பது ஒன்று, அதை வாங்க ஆள் இருப்பது வேறொன்று.

வாங்காததற்கு முதல் காரணம் மென்பொருள். ஒரு தொழிற்சாலையின் இன்ஜினியருக்கு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கும் பைடார்ச் என்ற மென்பொருள் தெரியும், அதில் ஒரு மாடல் பழக்கினால் ஜிபியுவில் அன்று சாயங்காலமே ஓடும். துடிப்பு நெட்வொர்க்கைப் பழக்குவது வேறு மாதிரி. துடிப்பு என்பது உண்டு அல்லது இல்லை, நடுவில் சரிவு கிடையாது. நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கும் வழக்கமான முறைக்கோ, தவறு குறையும் திசையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இறங்கச் சரிவு வேண்டும். பொய்யான ஒரு சரிவை வைத்துச் சமாளிக்கும் வழியை 2010களின் கடைசியில்தான் துறை முழுக்கக் கற்றுக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு தனிக் கருவிப்பெட்டி. ஒன்றில் செய்தது இன்னொன்றில் ஓடாது. ஒரு சின்னக் கம்பெனியின் சிப்பை நம்பி மூன்று வருட வேலையைப் போட்டு, அந்தக் கம்பெனி மூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது.

இரண்டாவது காரணம் போட்டி. சாதாரண டிஜிட்டல் சிப் தூங்கிக்கொண்டு இருக்கவில்லை. காது கேட்கும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மூளை போன்ற சிப் முதலில் வெல்ல வேண்டிய இடம் இது என்று பல வருடமாகப் பேசினார்கள். 2024 இல் ஃபோனாக் நிறுவனம் இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரிக்கும் டீப்சோனிக் என்ற சிப்பைக் காதுக்குப் பின்னால் வைக்கும் கருவியில் கொண்டுவந்துவிட்டது. அது வழக்கமான டீப் நியூரல் நெட்வொர்க்கைச் சிக்கனமாக ஓட்டும் சிப், துடிப்பெல்லாம் கிடையாது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் பாத்திரச் சத்தமும் நூறு பேர் பேச்சும் நடுவே ஒரு குரலைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றால், அங்கே மௌனம் என்பதே இல்லை. ஒவ்வொரு கணமும் ஏதோ மாறிக்கொண்டே இருக்கும். காத்திருக்கத் தெரிந்த சிப்புக்குக் காத்திருக்க இடமே கிடைக்காது, அதன் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: செய்திக் குறிப்புகள் சிப் செய்வதைவிட அதிகம் சொல்லிவிட்டன. 2020 இல் இன்டெலும் கார்னெல் பல்கலைக்கழகமும் லோஹியில் பத்து ரசாயன வாசனைகளை, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு மாதிரியிலிருந்து கற்க வைத்ததாக ஒரு ஆய்விதழில் கட்டுரை வந்தது. வெடிகுண்டு மோப்பம், நோய் மோப்பம் என்று பத்திரிகைகள் பறந்தன. 2024 இல் அதே இதழில் வேறு ஆய்வாளர்கள் அந்தத் தரவை மறுபடி எடுத்துப் பார்த்து, வாசனையைப் பொதுமைப்படுத்தி அடையாளம் காணும் திறமை அந்த அமைப்புக்குக் குறைவு என்றும், சென்சார்களின் அளவீடு நாளாக ஆக மெல்ல மாறிப்போவது தரவிலேயே கலந்திருக்கிறது என்றும் காட்டினார்கள். இது யாரையும் குற்றம்சாட்டும் விஷயம் இல்லை, அறிவியல் இப்படித்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்? ஆஸ்பத்திரிக்கு வாங்கும் பொறுப்பில் இருப்பவர் இரண்டையும் படிக்க வேண்டும்.

மருத்துவத்தைப் பற்றி விரிவாகச் சொல்லக் காரணம், காத்திருப்புக்கு உண்மையான விலை இருப்பது அங்கேதான். இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் மானிட்டரை மார்பில் ஒட்டிக்கொண்டு ஒரு நாள் கழித்தவர்களுக்குத் தெரியும், குளிக்க முடியாது, வயர் இழுக்கும், தூக்கத்தில் புரள முடியாது. என் அப்பாவுக்கு மாட்டிய அன்று இரவு முழுக்க அவர் மல்லாந்தே படுத்திருந்தார். நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால் ஒரு நாளுக்கு ஒரு லட்சம் துடிப்பு பதிவாகும், டாக்டருக்கு வேண்டியது அதில் பத்தோ இருபதோ. மீதி எல்லாம் ஒரே மாதிரி. இயல்பான துடிப்புக்குச் சும்மா இருந்து, தப்பான துடிப்புக்கு மட்டும் விழிக்கும் ஒரு சிப் இருந்தால், பேட்டரி சின்னதாகும், கருவி ஒரு பிளாஸ்திரி அளவுக்கு வரும், ஒரு நாள் பதிவு ஒரு மாதப் பதிவாகும். எப்போதாவது ஒருமுறை வந்து மறையும் தாளக் கோளாறு ஒரு நாள் பதிவில் சிக்காமல் போவது எவ்வளவு சகஜம் என்று இதய நோயாளிகளின் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

உடலுக்குள் வைக்கும் கருவியில் இது இன்னும் கூர்மையாகிறது. மூளைத் திசு ஓரிரு டிகிரி சூட்டுக்கு மேல் தாங்காது, அதனால் உள்ளே வைக்கும் சிப் நிறைய மின்சாரம் தின்னவே கூடாது. பேட்டரி தீர்ந்தால் மாற்ற இன்னொரு அறுவை சிகிச்சை. தரவை எல்லாம் வயர்லெஸ்ஸில் வெளியே அனுப்பிக் கணக்குப் போடலாம் என்றால், அனுப்புவதுதான் கணக்குப் போடுவதைவிடச் செலவு. ஆகவே உள்ளேயே, அந்த இடத்திலேயே, மைக்ரோவாட்டில் முடிவெடுத்தாக வேண்டும். சூரிச் பல்கலைக்கழகத்தில் ஜாகோமோ இண்டிவேரியின் குழு அங்குள்ள மருத்துவமனையோடு சேர்ந்து செய்த வேலையை இந்த விஷயத்தில் மிக நேர்மையான ஒன்றாக நான் நினைக்கிறேன். வலிப்பு நோயாளிகளின் மூளையில், வலிப்பு தொடங்கும் பகுதியில், 80 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான மிகச் சிறு அலைகள் ஒரு கணம் தோன்றி மறையும். அறுவை செய்யும் டாக்டருக்கு எந்தப் பகுதியை எடுக்க வேண்டும் என்று அவை துப்புக் கொடுக்கும். அந்த அலைகளை மூளை மின்பதிவிலிருந்தே நேரடியாகக் கண்டுபிடிக்கும் துடிப்பு சிப் ஒன்றைச் செய்து 2021 இல் வெளியிட்டார்கள். ஆன மின்சாரம் சுமார் 614 மைக்ரோவாட், ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிப்பைச் செய்தது 0.18 மைக்ரான் தொழில்நுட்பத்தில், அதாவது 2000ஆம் ஆண்டை ஒட்டிய பழைய ஃபேப்ரிகேஷன். நவீன ஜிபியுவுக்கு வேண்டிய விலையுயர்ந்த ஆலை எதுவும் தேவைப்படவில்லை. அறுவைக்குப் பின் யாருக்கு வலிப்பு நிற்கும் என்பதை 78 சதவீதம் சரியாகக் கணித்தது. ஆனால் நோயாளிகள் ஒன்பது பேர்தான். அந்த ஒன்பது தொண்ணூறாகி, பல மருத்துவமனைகளுக்குப் பரவி, ஒழுங்குமுறை அமைப்பின் மேசைக்குப் போக வருடங்கள் ஆகும், ஆகத்தான் வேண்டும்.

இன்னொன்று பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில். அலைன் நோகாரே குழு 2019 இல், மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் நியூரான்களும் மூச்சைக் கட்டுப்படுத்தும் நியூரான்களும் எந்தத் தூண்டுதலுக்கு எப்படிப் பதில் சொல்லுமோ அப்படியே பதில் சொல்லும் சிலிக்கான் நியூரான்களைச் செய்தார்கள். ஒன்றுக்கு 140 நானோவாட் போதும். மூச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நம் இதயம் கடிகாரம் மாதிரி சீராக அடிப்பதில்லை: மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் நிதானம். உங்கள் மணிக்கட்டில் விரலை வைத்து ஆழமாக மூச்சிழுத்தால் பலருக்குத் தெரியவே தெரியும். இதயம் செயலிழக்கத் தொடங்கியவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் மறைந்துபோகிறது, சாதாரண பேஸ்மேக்கரோ அளந்துவைத்த தாளத்தில் தட்டுகிறது. மூச்சோடு சேர்ந்து தாளத்தை மாற்றும் பேஸ்மேக்கரை, இதயம் பழுதான ஆடுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சோதித்து 2022 இல் வெளியிட்டார்கள். இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் 20 சதவீதம் கூடியது. மருந்தால் இந்த அளவு பலன் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணின் எடை புரியும். இதை மனிதர்களிடம் கொண்டுபோவதற்காகவே செரிக்ஸ் மெடிக்கல் என்ற கம்பெனி உருவாகியிருக்கிறது. இங்கே நியூரானைப் பின்பற்றியது மின்சாரத்தைச் சேமிக்க மட்டும் இல்லை. உடல் பேசும் தாளத்தில் பேசினால் உடல் பதில் சொல்கிறது என்பதற்காகவும்தான், பாரிஸ் கண்ணாடி மாதிரியே.

ஒழுங்குமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த சிப்புகளில் சில, உள்ளே வைத்த பிறகும் கற்றுக்கொண்டே இருக்கக்கூடியவை. அதை ஒரு பெருமையாகவே விற்கிறார்கள். தொழிற்சாலை மோட்டாருக்கு அது சரி. ஒரு மருத்துவக் கருவி அனுமதி வாங்கிய நாளில் இருந்ததுபோல ஆறு மாதம் கழித்து இருக்காது என்றால், எதற்கு அனுமதி கொடுத்தோம் என்ற கேள்வி வருகிறது. மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ அமைப்பு 2024 டிசம்பரில் இறுதி செய்த வழிகாட்டுதல், எந்த மாற்றங்கள் வரலாம், அவை எப்படிச் சரிபார்க்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வழி செய்கிறது. நோயாளியின் உடலுக்குள் தானாக மாறும் துடிப்பு நெட்வொர்க்கை அந்தச் சட்டகத்துக்குள் அடக்குவது சுலபமாக இருக்காது. என்னைக் கேட்டால், கற்பதை ஆய்வகத்திலேயே முடித்துவிட்டு, பூட்டிய நெட்வொர்க்கை உள்ளே வைப்பதுதான் முதல் தலைமுறைக்குச் சரியான வழி.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. பார்வையற்றவர்களின் விழித்திரையில் மின்முனைகளைப் பதிக்கும் ஆர்கஸ் 2 என்ற கருவியை அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் விற்றது. உலகம் முழுக்க 350 பேருக்கும் மேல் கண்ணுக்குள் வைத்துக்கொண்டார்கள். கம்பெனி அந்த வரிசையை நிறுத்தியது, 2020 இல் பணம் தீர்ந்து மூடும் நிலைக்கே போனது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது, கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் இல்லை, உதிரிப் பாகம் இல்லை. எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் கருவியைப் பற்றிக் கேட்கக்கூட அந்தப் பக்கம் யாரும் இல்லை என்ற நிலைமை சிலருக்கு வந்தது. நான் மேலே சொன்ன சின்னக் கம்பெனிகளில் பெரும்பாலானவை செகண்ட் சைட்டைவிட வயதில் சிறியவை, ப்ரோஃபேசி மாதிரி ஏற்கெனவே பண நெருக்கடியில் விழுந்ததும் உண்டு.

ஒரு மோட்டாரில் ஒட்டிய சென்சாரின் கம்பெனி மூடினால் வேறு சென்சார் ஒட்டலாம், உடலுக்குள் வைத்ததை அப்படி மாற்ற முடியாது. ஆகவே மருத்துவமனைகளும் ஒழுங்குமுறை அமைப்புகளும் எத்தனை மைக்ரோவாட் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த சிப்பின் வரைபடமும் மென்பொருளும் கம்பெனி இல்லாமல் போனால் யாரிடம் போகும்? வேறொரு ஆலையில் இதைச் செய்ய முடியுமா? கருவி உடலில் இருக்கும் வரைக்கும் பராமரிக்கும் பொறுப்புக்கு இப்போதே பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? சூரிச் குழு பயன்படுத்தியது மாதிரி பழைய, பல ஆலைகளில் கிடைக்கும் தொழில்நுட்பத்தில் செய்த சிப் என்றால், இரண்டாவது கேள்விக்காவது கையில் ஒரு பதில் இருக்கும்.